பலன் சாட்சி சொல்லுமா?

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிர்வாகப் புத்தகம் வந்தது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பீட்டர்ஸ், ராபர்ட் வாட்டர்மன் இருவரும் சேர்ந்து எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்’. நாட்டின் மிகச் சிறந்த நிறுவனங்கள் என்று 43 பெயர்களைப் பொறுக்கி எடுத்து, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணங்கள் எட்டு என்று அடித்துச் சொன்னது அந்தப் புத்தகம். நிர்வாகப் புத்தகம் என்றால் தூக்கம் வரும் என்றிருந்த காலத்தில் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டே வருடம்தான். 1984 நவம்பரில் ‘பிசினஸ் வீக்’ இதழ் தன் அட்டையில் ‘ஊப்ஸ்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, இப்போது யாரய்யா சிறந்தவர் என்று கேட்டது. பட்டியலில் இருந்த பல நிறுவனங்கள் அதற்குள் தள்ளாட ஆரம்பித்திருந்தன. வாங் லேபரட்டரீஸ் 1992இல் திவாலானது. மினி கம்ப்யூட்டர் உலகத்தை ஆண்டுகொண்டிருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் 1998இல் காம்பேக் கையில் போய்ச் சேர்ந்தது.

இதிலிருந்து பாடம் கற்றவர்கள் குறைவு. 2001இல் ஜிம் காலின்ஸ் இன்னும் கறாரான சல்லடையில் சலித்து, பதினொரு நிறுவனங்களை மட்டும் ‘நல்லதிலிருந்து மகத்தானதற்கு’ உயர்ந்தவை என்று தேர்ந்தெடுத்தார். அந்தப் பதினொன்றில் ஒன்று சர்க்யூட் சிட்டி. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. இன்னொன்று ஃபேனி மே. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எழுதியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். கோளாறு அவர்கள் பார்த்த விதத்தில் இருந்தது. ஃபில் ரோசன்ஸ்வைக் என்ற பேராசிரியர் 2007இல் அதை ஒளிவட்டம் என்ற பெயரால் அழைத்தார். லாபம் கொட்டும்போது ஒரு நிறுவனத்தில் எல்லாமே அழகாகத் தெரியும். தலைவர் தொலைநோக்குள்ளவர், ஊழியர்கள் அர்ப்பணிப்புள்ளவர்கள், வாடிக்கையாளர்தான் அங்கே தெய்வம். பங்கு விலை சரிந்ததும் அதே தலைவர் இறுமாப்புக்காரர், அதே ஊழியர்கள் மெத்தனக்காரர்கள். சிஸ்கோ நிறுவனத்தைப் பற்றி 2000இல் வந்த புகழுரைகளையும் அடுத்த ஆண்டு வந்த வசவுகளையும் ரோசன்ஸ்வைக் எதிரெதிரே வைத்துக் காட்டினார். நிறுவனம் பெரிதாக மாறிவிடவில்லை. பார்த்தவர்களின் கண்தான் மாறியிருந்தது.

நிர்வாகவியல் வகுப்பறையில் இதைப் புள்ளியியல் பிழை என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் இது அதைவிடப் பழைய விவகாரம். செல்வம் வந்தவனிடம் புண்ணியம் இருந்திருக்க வேண்டும் என்று நம்புவது மனிதனுக்கு எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது. நம்மூரில் அதைப் பூர்வ ஜென்மத்தில் கொண்டுபோய் வைத்தோம். ஐரோப்பாவில் கால்வினைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள் தொழிலில் கிடைத்த வெற்றியை இறைவன் தங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதன் அடையாளமாகப் பார்த்தார்கள் என்று மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதினார். கோட்டு சூட்டு போட்ட நிர்வாகக் குருமார்கள் தெரியாமலே அந்தச் சமயத்தைத்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள்: வெற்றியே அருளுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நீக்கிவிட்டால் ஒரு நிறுவனம் சிறந்தது என்பதற்கு வேறு என்ன அடையாளம் மிஞ்சும்? நல்ல நிறுவனம், வென்ற நிறுவனம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். அவர் தத்துவப் பேராசிரியர் அல்லர். பீங்கான் செய்தவர், பிற்பாடு மொட்டையடித்துக்கொண்டு பௌத்தத் துறவியானவர், அதற்கும் பிற்பாடு திவாலான விமான நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். கஸுவோ இனாமோரி.

1932இல் ககோஷிமாவில் பிறந்தார். சிறுவயதில் காசநோய் வந்து படுத்தார். அப்போது பக்கத்து வீட்டில் கொடுத்த ஓர் ஆன்மிகப் புத்தகம் மனத்தில் தைத்தது. பெரிய கல்லூரியும் கிடைக்கவில்லை, பெரிய வேலையும் கிடைக்கவில்லை. கியோட்டோவில் மின்கம்பங்களுக்கான பீங்கான் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் நேரத்துக்கு வராத கம்பெனி. அங்கே தொலைக்காட்சிக் குழாய்களுக்கான புதுவகைப் பீங்கான் ஒன்றை உருவாக்கினார். மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்து, 1959இல் 27 வயதில், 28 பேரோடு தனிக் கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய கியோசெரா. தொடக்கக் கடனுக்காகத் தன் வீட்டையே அடமானம் வைத்தவர் இச்சியே நிஷியெதா என்ற பெரியவர். வீடு போனாலும் போகட்டும் என்று ஒருவர் தன்னை நம்பியது இனாமோரியைக் கடைசிவரை விடவில்லை.

மூன்றாம் ஆண்டில், 1961 வசந்தத்தில், பதினொரு இளைஞர்கள் அவர்முன் வந்து நின்றார்கள். பள்ளிப் படிப்பு முடித்து முந்தின வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வருடா வருடம் இவ்வளவு சம்பள உயர்வு, இவ்வளவு போனஸ் என்று எழுதி, இரத்தத்தால் கைநாட்டு வைத்திருந்தார்கள். உறுதி தராவிட்டால் மொத்தமாக ராஜினாமா. அடுத்த மாதம் கம்பெனி இருக்குமா என்பதே தெரியாத முதலாளி எதற்கென்று உறுதி கொடுப்பார்? தன் சின்ன அரசுக் குடியிருப்புக்கு அவர்களை அழைத்துப்போய் மூன்று நாள் இரவும் பகலுமாகப் பேசினார். உங்களை ஏமாற்றினால் என்னைக் குத்திக் கொன்றுவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் பேச்சு போனது. கடைசியில் பதினொரு பேரும் இறங்கி வந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது சாமர்த்தியமான முதலாளியின் கதை. ஆனால் அவர்கள் போன பிறகுதான் இனாமோரிக்குத் தூக்கம் போயிற்று. தன் தொழில்நுட்பத்தை உலகத்துக்குக் காட்டத்தான் அவர் கம்பெனி ஆரம்பித்தார். வந்தவர்களோ தங்கள் வாழ்க்கையை ஒப்படைக்க ஓர் இடம் தேடி வந்திருந்தார்கள். ஊரில் இருக்கும் தன் குடும்பத்துக்கே சரியாகப் பணம் அனுப்ப முடியாதவன், யாரோ பெற்ற பிள்ளைகளின் ஆயுளுக்கு எப்படிப் பொறுப்பேற்பது? பல வாரம் புழுங்கிய பிறகு கம்பெனியின் நோக்கத்தையே மாற்றி எழுதினார்: எல்லா ஊழியர்களுக்கும் பொருள் அளவிலும் உள்ளத்தளவிலும் நல்வாழ்வு, அதனூடே மனித சமூகத்தின் முன்னேற்றத்துக்குப் பங்களிப்பு. பங்குதாரர் அதில் இல்லை. வாடிக்கையாளரும் முதல் வரியில் இல்லை.

சுவரில் மாட்டும் வாசகத்துக்கு விலை கிடையாது. அதற்கு விலை கொடுக்க வேண்டிய நாள் 1974இல் வந்தது. எண்ணெய் நெருக்கடியில் கியோசெராவின் ஆர்டர்கள் அரையாண்டுக்குள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. மற்ற கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. இனாமோரி யாரையும் அனுப்பவில்லை. இருக்கிற வேலைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரை மட்டும் இயந்திரத்தில் நிறுத்தினார். மற்றவர்கள் தொழிற்சாலையைக் கழுவினார்கள், தோட்டத்தைச் சீர்செய்தார்கள், வகுப்பில் உட்கார்ந்தார்கள். பதிலுக்கு அடுத்த வருடச் சம்பள உயர்வைத் தள்ளிவைக்கத் தொழிற்சங்கத்திடம் கேட்டார், சங்கம் ஒத்துக்கொண்டது.

இவ்வளவு சொன்னதும் இனாமோரி ஏதோ கணக்கு வழக்குப் பார்க்காத சாது என்று தோன்றலாம். நேர்மாறு. ‘அமீபா நிர்வாகம்’ என்று அவர் பெயர் வைத்த முறையில், கம்பெனி சிறுசிறு குழுக்களாக உடைக்கப்பட்டது. சில குழுக்களில் ஐந்தாறு பேர்தான். ஒவ்வொரு குழுவும் தன் வரவையும் செலவையும் தானே எழுதி, ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு சேர்த்தோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் சிந்திக் கிடக்கும் மூலப்பொருளும் காசுதான் என்பார். கீதையின் நிஷ்காம கர்மத்தைச் சொற்பொழிவுகளில் கேட்டவர்கள், பலனில் பற்று வைக்காதவன் பலனைக் கணக்கிடவும் மாட்டான் என்று நினைத்துக்கொள்வதுண்டு. பலனைத் துல்லியமாக அளப்பதும் பலனுக்காக அளப்பதும் வேறு வேறு என்பதற்கு இந்தக் கணக்கேடு நல்ல உதாரணம்.

அந்தக் கணக்கேட்டில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. முதலாவது, செலவுப் பட்டியலில் சம்பளம் வராது. மின்சாரம் வரும், மூலப்பொருள் வரும், பக்கத்துக் குழுவிடம் வாங்கிய உதிரிப்பாகம் வரும். மனிதர்கள் வரமாட்டார்கள். சாதாரண கணக்குப்பிள்ளைக்கு ஊழியர் என்பவர் செலவு. இங்கே அவர் மதிப்பை உண்டாக்குபவர். இரண்டாவது, அதிகம் சம்பாதித்த குழுவுக்கு அதற்கென்று தனி போனஸ் கிடையாது. பாராட்டு உண்டு, அவ்வளவுதான். விற்பனை இலக்கைத் தொட்டவருக்கு வெளிநாட்டுச் சுற்றுலா என்று பழகிய நமக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் காசைக் காட்டியிருந்தால் ஒவ்வொரு குழுவும் பக்கத்துக் குழுவின் கழுத்தைப் பிடித்திருக்கும். திருக்குறளில் வினைத்தூய்மை என்ற அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அமைச்சருக்குரிய பகுதியில் இருக்கிறது. செயல் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற கவலை துறவியைவிட நிர்வாகிக்கே அதிகம் தேவைப்படும் போலும்.

அவர் வகுத்த ஒரு சூத்திரமும் பிரபலம். மனப்பாங்கு, உழைப்பு, திறமை மூன்றையும் பெருக்கினால் வாழ்வின் விளைவு. உழைப்புக்கும் திறமைக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண். மனப்பாங்குக்கு மட்டும் கழித்தல் நூறிலிருந்து கூட்டல் நூறு வரை. ஆளும் கெட்டிக்காரன், உழைப்பாளியும்கூட, ஆனால் எண்ணம் கோணல் என்றால் மொத்தமும் கழித்தலில் போய்விடும். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கிறது என்று சிரிக்கலாம். கெட்டிக்காரர்கள் நடத்திய எத்தனையோ கம்பெனிகள் ஊரையே மூழ்கடித்ததைப் பார்த்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

1984இல் ஜப்பான் அரசு தொலைபேசித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட முடிவெடுத்தது. பூதாகரமான அரசுத் தொலைபேசி நிறுவனம் என்டிடியோடு மோத யாருக்கும் துணிவில்லை. இனாமோரிக்கு ஆசை வந்தது. ஆறு மாதம், ஒவ்வோர் இரவும், குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்: என் நோக்கம் நல்லதா? இதில் சுயநலம் ஏதும் ஒளிந்திருக்கிறதா? கட்டணத்தைக் குறைத்து மக்களுக்கு உதவத்தான் போகிறேனா, அல்லது பெயர் வாங்கவா? ஒளியவில்லை என்று தெளிந்த பிறகே டிடிஐ நிறுவனத்தைத் தொடங்கினார். புல்லட் ரயில் பாதையோரம் கம்பி பதிக்க ரயில்வே தொடங்கிய போட்டி நிறுவனத்துக்கு வழி இருந்தது. நெடுஞ்சாலையோரம் பதிக்க இன்னொன்றுக்கு. இவருக்கு எதுவும் இல்லை. மலை உச்சிகளில் மைக்ரோவேவ் கோபுரங்கள் எழுப்பி டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்தார். 2000இல் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து அதுதான் கேடிடிஐ ஆனது. இன்று ஜப்பானின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று.

தத்துவம் படித்தவர்கள் இங்கே கை தூக்குவார்கள். தன் மனத்தைத் தானே சோதித்து, தானே தேர்ச்சி கொடுத்துக்கொள்வது என்ன பரீட்சை? உள்நோக்கம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தனக்குத் தெரியாமல் அதை வெள்ளையடித்துக்கொள்ளும் திறமை மனிதனுக்கு உண்டு. தன் செயலின் அடியில் இருக்கும் நோக்கத்தை முழுதாகத் துருவிப் பார்க்க யாராலும் முடியாது என்று கான்ட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இனாமோரியிடம் இதற்குத் தத்துவப் பதில் இல்லை. நடைமுறைப் பதில் ஒன்று இருந்தது: தான் நிறுவிய டிடிஐயில் அவர் ஒரு பங்குகூட வைத்துக்கொள்ளவில்லை. மனம் பொய் சொல்லலாம் என்ற சந்தேகம் இருக்கிறவன் கையைக் கட்டிப்போட்டுவிடுவது நல்லது. ஆறு மாத இரவுகளின் ஆத்ம விசாரணையைவிட அந்தக் காலிப் பங்குக் கணக்கே நம்பத்தக்கது என்று எவரும் சொல்வார்கள்.

அவரது ஆன்மிகம் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1985இல் கியோசெரா பெரிய சிக்கலில் மாட்டியது. பீங்கானால் ஆன செயற்கை இடுப்பு மூட்டுக்கு அரசு அனுமதி வாங்கியிருந்தார்கள். மருத்துவர்கள் கேட்டார்கள் என்று, தனி அனுமதி வாங்காமலே முழங்கால் மூட்டையும் செய்து விற்றுவிட்டார்கள். பத்திரிகைகள் கிழித்தன. நொந்துபோன இனாமோரி தன் குருவான ஜென் மடத் தலைவர் தான்செட்சு நிஷிகாதாவிடம் போனார். குரு தேநீர் கொடுத்துவிட்டு, உயிரோடிருப்பதால்தான் துன்பம் வருகிறது, இவ்வளவோடு உன் பழைய கர்மம் தீர்ந்ததென்றால் பாயசம் வைத்துக் கொண்டாட வேண்டியதுதான் என்ற பொருளில் சொன்னாராம். அங்கே பாயசத்துக்குப் பதில் சிவப்புப் பயறு போட்ட சோறு. இனாமோரிக்கு அது பெரும் ஆறுதல். வாழ்நாள் முழுக்க இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலில் அனுமதியில்லாத மூட்டோடு வீட்டில் இருந்த நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஆறுதல் கொஞ்சம் மலிவாகத் தெரிகிறது. யாருடைய கர்மம் தீர்ந்தது? கர்மக் கோட்பாட்டை முதலாளி தன் தவறுக்குப் பயன்படுத்தும்போது அது விளக்கமாக இருப்பதைவிட மன்னிப்பாகவே அமைந்துவிடுகிறது.

1997இல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். துறவு வாங்க நாள் குறித்திருந்த சமயத்தில் வயிற்றில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில், செப்டம்பரில், கியோட்டோவுக்கு அருகிலுள்ள என்புகு-ஜி மடத்தில் தீட்சை பெற்றார். வைக்கோல் செருப்போடு தெருத்தெருவாகப் பிச்சைக்குப் போனார், கால்விரல்கள் கிழிந்தன. தெரு பெருக்கும் ஒரு பெண்மணி ஓடிவந்து பையில் ஒரு நாணயத்தைப் போட்டதைத் தன் வாழ்வின் பேரானந்தத் தருணம் என்று எழுதினார். கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அரசாங்கம் அவரை விடவில்லை.

2010 ஜனவரி 19 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. துணை நிறுவனங்களையும் சேர்த்துக் கடன் சுமார் 2.3 லட்சம் கோடி யென். நிதித்துறை சாராத ஒரு ஜப்பானிய நிறுவனம் அதுவரை அவ்வளவு பெரிதாக வீழ்ந்ததில்லை. நாட்டின் கொடியைச் சுமந்து பறந்த கம்பெனி. அரசியல்வாதிகள் கேட்ட ஊருக்கெல்லாம் காலி விமானம் ஓட்டிய கம்பெனி. எட்டுத் தொழிற்சங்கங்கள், எல்லாம் தெரிந்த மேலதிகாரிகள். பிப்ரவரியில் 78 வயது இனாமோரி சம்பளம் இல்லாமல் தலைவர் பொறுப்பை ஏற்றார். விமானத் துறையில் அனுபவம் பூஜ்யம். ஏன் ஏற்றீர்கள் என்றதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஜப்பானியப் பொருளாதாரத்துக்கு ஊக்கம், எஞ்சும் 32,000 பேரின் வேலை, போட்டி இல்லாமல் ஒரே பெரிய விமான நிறுவனம் மிஞ்சினால் பயணிக்கு நட்டம்.

எஞ்சும் என்ற சொல்லை இப்போதைக்கு ஓரமாக வைப்போம்.

வந்ததும் எதிர்கொண்ட முதல் பெரிய முடிவு கூட்டணி பற்றியது. அமெரிக்க டெல்டா நிறுவனம் பெரும் பணம் தருகிறோம், எங்கள் கூட்டணிக்கு வந்துவிடுங்கள் என்றது. கம்பெனிக்குள்ளும் வெளியிலும் காற்று அந்தப் பக்கமே வீசியது. பல்லாண்டுக் கூட்டாளியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எந்தத் தவறும் செய்யவில்லையே, மைலேஜ் சேர்த்து வைத்திருக்கும் பயணிகள் என்ன ஆவார்கள் என்று கேட்டார் புதுத் தலைவர். மறுபடி யோசித்தார்கள், பழைய கூட்டாளியோடே இருப்பதென்று முடிவானது.

பிறகு ஜூனில் வகுப்பு தொடங்கியது. சுமார் ஐம்பது உயரதிகாரிகள், ஒரே மாதத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட அமர்வுகள். பாடம்: பொய் சொல்லாதே, பேராசைப்படாதே, மனிதனாக எது சரியோ அதைச் செய். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் பாலர் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டது போல நெளிந்தார்கள். பாடம் முடிந்ததும் பீர் குடித்துக்கொண்டே விவாதம். ஒருவர் எழுந்து, இதை நாம் முன்பே செய்திருந்தால் கம்பெனி இந்தக் கதிக்கு வந்திருக்காது என்று சொல்ல, பனி உருக ஆரம்பித்ததாக அங்கிருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். கூடவே கணக்கும் வந்தது. முன்பு ஒரு மாதத்தின் வரவு செலவு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இப்போது ஒவ்வொரு வழித்தடத்தின் லாப நட்டமும் மறுநாளே தெரிந்தது. விமானப் பராமரிப்புக் கூடத்தில் கையுறைக்கும் எண்ணெய் துடைக்கும் துணிக்கும்கூட விலை எழுதி ஒட்டினார்கள்.

முதல் நிதியாண்டிலேயே செயல்பாட்டு லாபம் 18,840 கோடி யென். அடுத்த ஆண்டு 20,490 கோடி. 2012 செப்டம்பரில் பங்குச் சந்தைக்குத் திரும்பியது. இரண்டு வருடம் எட்டு மாதத்தில் சாம்பலிலிருந்து எழுந்த விமானம் என்று உலகமே கொண்டாடியது. சீனாவிலிருந்து முதலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து அவர் பேச்சைக் குறிப்பெடுத்தார்கள். ஒளிவட்டம் பொருத்தப்பட்டாயிற்று.

இப்போது ஓரமாக வைத்த சொல்லை எடுக்கலாம். எஞ்சியவர்கள் 32,000 என்றால் எஞ்சாதவர்கள் சுமார் 16,000. வங்கிகள் 52,000 கோடி யென்னுக்கு மேல் கடனை விட்டுக்கொடுத்தன. அரசு சார்ந்த மீட்பு நிதியம் 35,000 கோடி யென் போட்டது. பழைய பங்குதாரர்களின் கையில் இருந்த காகிதம் வெறும் காகிதமானது. அவர்களில் ஓய்வுபெற்ற ஊழியர்களும் உண்டு. பழைய நட்டத்தைக் காட்டி வரி கட்டாமலிருக்க வழி இருந்தது. போட்டியாளரான ஏஎன்ஏ இது என்ன நியாயம் என்று கேட்டது. இத்தனை காரணங்களை வரிசையாக வைத்த பிறகு, மீட்சியில் எவ்வளவு தத்துவத்தால் வந்தது, எவ்வளவு தள்ளுபடியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் கிடையாது.

அதைவிடக் கூரான விஷயம் 2010 டிசம்பர் 31. விருப்ப ஓய்வில் குறித்த எண்ணிக்கை வரவில்லை என்று, அந்தப் புத்தாண்டுக்கு முந்தின நாளில், 81 விமானிகளும் 84 விமானப் பணியாளர்களுமாக 165 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நேரத்தில் லாபம் ஏற்கெனவே திட்டத்தை மிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம், 2011 ஜனவரியில், ஜப்பான் ஏர்லைன்ஸின் புதிய கொள்கை அறிவிப்பு வந்தது. அதன் மையத்தில் இருந்தது எல்லா ஊழியர்களின் நல்வாழ்வு. நாற்பது அம்சங்கள் கொண்ட தத்துவக் கையேடு ஒன்றும் ஒவ்வோர் ஊழியர் கையிலும் கொடுக்கப்பட்டது. அந்த 165 பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்காது.

வேறொரு தலைவராக இருந்தால் வேறு வழியே இல்லை என்று சொல்லியிருப்பார். இனாமோரி அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. 2011 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன்னால், அந்த நூற்றறுபது சொச்சம் பேரை வைத்துக்கொள்வது நிர்வாக ரீதியாக முடியாத காரியமல்ல என்பதை அவரே ஒத்துக்கொண்டார். பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோதும் அதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் மறுசீரமைப்புத் திட்டம் என்பது நீதிமன்றத்துக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் தந்த வாக்கு. பழைய ஜப்பான் ஏர்லைன்ஸ் வாக்கு மேல் வாக்குத் தவறித்தான் அழிந்தது. புதியதும் முதல் வாக்கையே மீறினால் யார் நம்புவார்கள் என்பது அவர் நியாயம்.

இது ஒதுக்கிவிடக்கூடிய நியாயம் அல்ல. வாக்குத் தவறாமை ஓர் அறம். தன்னை அண்டியவரைக் கைவிடாமை இன்னோர் அறம். 1974இல் இரண்டும் ஒரே திசையில் நின்றன. முடிவெடுப்பது கடினம், ஆனால் எது சரி என்பதில் குழப்பமில்லை. 2010இல் இரண்டும் எதிரெதிரே நின்றன. வங்கிக்குக் கொடுத்த வாக்கு வென்றது. பணிப்பெண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டிய வாக்கு தோற்றது. மனிதனாக எது சரியோ அதைச் செய் என்ற சூத்திரம் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. இனாமோரி அடிக்கடி சொல்லும் பௌத்த வாக்கு ஒன்று உண்டு: சிறு நன்மை பெருந்தீமை போன்றது, பெருநன்மை கல்நெஞ்சம் போலத் தோன்றும். செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்காதே என்ற அளவில் சரி. கோடரி ஓங்கும் எவருக்கும் கைகொடுக்கும் வாக்கியமும் இதுவேதான். வெட்டுப்பட்டவர் ஒருவரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

நீக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் வேலைநீக்கம் செல்லும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் 2016இல் அதே நீதிமன்றத்தில் வேறொன்றும் உறுதியானது: தொழிற்சங்கம் வேலைநிறுத்த உரிமைக்காக வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த உரிமை நிலைநாட்டப்பட்டால் அரசு நிதி வராது என்ற தொனியில் பேசியது முறையற்ற தலையீடு. அறம் பேசிய நிர்வாகத்தின் பெயரில் அந்தத் தீர்ப்பும் பதிவில் இருக்கிறது.

ஆக, இனாமோரி நடத்தியது நல்ல நிறுவனமா? கேள்வியே பிசகு என்று படுகிறது. பீட்டர்ஸும் வாட்டர்மனும் செய்த அதே பிசகு. சிறப்பு என்பது நிறுவனத்திடம் உடைமையாகத் தங்கியிருக்கும் ஒன்று, அதைக் கண்டுபிடித்துப் பட்டியலிடலாம் என்று நினைத்தார்கள். பௌத்தத்தின் அடிப்படைப் பாடமே அப்படித் தங்கியிருக்கும் ஆன்மா எதிலும் இல்லை என்பது. மனிதனுக்கே இல்லாதது கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? 1974இன் முடிவு சிறந்தது. சம்பளத்தைச் செலவாக எழுதாத கணக்கேடு சிறந்தது. முழங்கால் மூட்டு சிறந்ததல்ல. டிசம்பர் 31 பற்றி நேர்மையானவர்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரே மதிப்பெண் போடுவது அவருடைய பெருக்கல் சூத்திரத்துக்கு வேண்டுமானால் பொருந்தும், நடந்தவற்றுக்குப் பொருந்தாது. லாபத்தைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்ட பிறகு பார்க்க மிஞ்சுவது ஒவ்வொரு முடிவும் எந்தக் கேள்விக்குப் பதிலாக எடுக்கப்பட்டது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே.

இனாமோரிக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். சிறு, நடுத்தர முதலாளிகளுக்காக 1983இல் அவர் தொடங்கிய செய்வாஜுகு என்ற பள்ளியில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். கிளைகள் பிரேசில் வரை. 2019 இறுதியில் தன் கண்முன்னே அதைக் கலைத்துவிட்டார். வாரிசு வேண்டாம், பீடம் வேண்டாம் என்றார். 2022 ஆகஸ்டில், 90 வயதில் மறைந்தார்.

ஜப்பான் ஏர்லைன்ஸில் அந்தத் தத்துவக் கையேடு இருக்கிறது, புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தருகே 2006இல் அமைத்த பாதுகாப்பு மையத்துக்கும் அழைத்துப் போகிறார்கள். 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123ஆம் விமானத்தின் உடைந்த பாகங்கள் அங்கே இருக்கின்றன. அதை அமைத்தது இனாமோரி அல்லர். அவர் கேலி செய்த பழைய, திமிர் பிடித்த நிர்வாகம்.

2024 ஜனவரி 2 அன்று ஹனேடா ஓடுபாதையில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் 379 பேர். எட்டு வாசல்களில் மூன்றுதான் பயன்பட்டன. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை; பணியாளர்கள் மெகாஃபோனிலும் தொண்டை கிழியவும் கத்தினார்கள். விமானியோடு தொடர்பு அறுந்த நிலையில், பின்வாசலைத் திறக்கும் முடிவை அங்கிருந்த பணியாளர் தானே எடுத்தார். இருபது நிமிடத்துக்குள் 379 பேரும் வெளியே வந்தார்கள். பணியாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முந்தின வருடம்தான் சேர்ந்தவர்கள். இனாமோரி இறந்த பிறகு வந்தவர்கள்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, மெல்பர்னிலிருந்து கிளம்ப வேண்டிய விமானம் மூன்று மணி நேரம் தாமதமானது. விமானிகள் இருவர் முந்தின நாள் அளவுக்கு மீறிக் குடித்திருந்தார்கள். விசாரணையில் அதை மறைக்க இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். மாத இறுதியில் போக்குவரத்து அமைச்சகம் நிர்வாகத்தைச் சீர்செய்துகொள்ளும்படி கம்பெனிக்கு ஓலை அனுப்பியது. அந்த இருவரிடமும் அதே நாற்பது அம்சக் கையேடு இருந்தது.